ஒரு 'பிகாஸு'க்காக நடந்த சண்டை

சுகாசினியை எங்கள் பட்டறையில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்த நதியா அவளுக்கு நெருங்கிய சிநேகிதி போலிருக்கிறது என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

பட்டறை என்று பழக்கத்தில் சொல்கிறேன். காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரிய கொட்டகை அது. பின்பக்கம் சாயம் போடும் இடம், நடுவில் தறிகள், முன்பக்கம் மடித்துப் பெட்டியில் போடும் பகுதி. நான் முன்பக்கம். நாங்கள் செய்வது புடவை இல்லை. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பட்டுத் துண்டுகள். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். முதலாளி திருஞானசம்பந்தம். மூன்று தலைமுறையாகத் தறி போட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

சுகாசினி பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரி. அவள் அப்பா சாமுவேல், ஊரான் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்து செத்துப்போனவர். அவள் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, டைப்பிங் கற்றுக்கொண்டு, என்னோடு மடிக்கும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். நான்கே வருடத்தில் ஆபீசுக்குள் போய்விட்டாள். வருகைப் பதிவு, ரிப்பேர் புத்தகம், வெளிநாட்டுக்கு அனுப்பும் படிவங்கள் எல்லாம் அவள் கையில் வந்தன. உள்ளே போன மறுநாளே எங்களோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கறாரான ஆள். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. சாயப் பக்கத்தில் வேலை செய்த அங்கம்மாளுக்கு ஒருமுறை பேருந்து வரவில்லை. ஒன்பதே காலுக்கு வந்தாள். சுகாசினி அரைநாள் லீவு போட்டுவிட்டாள். ஐம்பது வயதுப் பொம்பளை, எல்லோர் முன்னிலையிலும் நின்று கெஞ்சினாள்.

"பஸ் வர்லம்மா. நான் இன்னா பண்றது?"

"பஸ்ஸை நான் ஓட்டலயேக்கா."

அன்றிலிருந்து அங்கம்மாள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. சுகாசினி கடந்து போனால் வேண்டுமென்றே தொண்டையைக் காறுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு எதிரி வந்து சேர்ந்தான் என்றதும் எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் சந்தோஷம். அவன்தான் லோகேஷ். முதலாளியின் அக்கா மகன். இருபத்தொன்பது வயது. சென்னையில் எம்.பி.ஏ. படித்துவிட்டு, மேனேஜர் என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சுகாசினிக்கு அப்போது முப்பத்தெட்டு.

அவள் ஆங்கிலம் எழுதுவாள். தப்பில்லாமல் எழுதுவாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எல்லாம் துண்டு துண்டாக இருக்கும். கரண்ட் போனது. மோட்டார் நின்றது. நூலில் சாயம் திட்டாகப் பிடித்தது. இப்படி நாலு சொல்லுக்கு ஒரு முற்றுப்புள்ளி. ஒன்றையும் ஒன்றையும் சேர்த்து எழுத அவளுக்குப் பயம். சேர்க்கிற இடத்தில்தான் தப்பு வரும் என்று யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வருடம் அப்படியே ஓட்டிவிட்டாள்.

லோகேஷ் வந்த இரண்டாவது மாதக் கூட்டத்தில் அவள் எழுதிய கடிதம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தி நிறுத்தி, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போலப் படித்தான். எல்லோரும் சிரித்தோம்.

"இன்னா சுகாசினி இது? இங்கிலீஷா, தந்தியா? உங்க தாமல் பக்கம் வெறும் முற்றுப்புள்ளி மட்டும்தான் வெளையுதா?"

சிரிப்பு இன்னும் அதிகமானது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நெல்லுந்தான் சார் வெளைஞ்சது. அது எவன் வூட்டுக்குப் போச்சுன்னு எங்கப்பா இருந்தா சொல்லியிருப்பாரு."

சிரிப்பு நின்றது. லோகேஷின் காது சிவந்தது. மறுநாள் காலையில் அவள் மேசைக்கு நேர் எதிரில், கண்ணை நிமிர்த்தினால் படும்படி, ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அண்ட், பட், ஸோ, பிகாஸ், ஆல்தோ, வைல் என்று ஆங்கிலத்தில் வாக்கியங்களை இணைக்கும் சொற்கள் வரிசையாக அச்சடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாளும் இந்தச் சொற்களை வைத்துப் பத்து வாக்கியம் எழுதி, டீ குடிக்கும் இடத்தில் உள்ள பலகையில் மாட்ட வேண்டும் என்பது உத்தரவு. அவன் வந்து சிவப்புப் பேனாவால் திருத்துவான்.

அவள் தாளைக் கிழித்தாள். அவன் மறுபடி ஒட்டினான். மறுபடி கிழித்தாள். மூன்றாவது நாள் பசை போட்டு ஒட்டிவிட்டான்.

முதல் வாரம் பலகை முழுக்கச் சிவப்பாக இருந்தது. டீ குடிக்கப் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் சிவப்பு தெரியும் அல்லவா. அங்கம்மாள் தினமும் டம்ளரோடு அங்கேயே நின்று குடித்தாள்.

ஆனால் சுகாசினி யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் வரும்போது படித்தாள். மத்தியானம் டிபன் டப்பா மூடியில் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தாள். எங்களோடு பேசாமல் இருப்பதற்கு அவளுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. அவள் படித்தது ஆர்வத்தால் இல்லை. சுத்தமான கோபத்தால். ஒரு மாதத்தில் சிவப்பு குறைந்தது. அதற்கப்புறம் பலகையில் வந்த வாக்கியங்கள்தான் விசேஷம். தமிழில் சொல்கிறேன், இணைக்கும் சொல்லை மட்டும் அவள் எழுதியபடியே விடுகிறேன்.

'மேனேஜர் பதினோரு மணிக்கு வருகிறார், பட் ஒன்பது மணிக்கு வராதவர்களைத் திட்டுகிறார்.'

'ஆல்தோ மேனேஜர் அறையில் ஏசி இருக்கிறது, அவர் தலை சூடாகவே இருக்கிறது.'

'முதலாளிக்கு அக்கா மகன் இருக்கிறார், ஸோ எங்களுக்கு மேனேஜர் இருக்கிறார்.'

லோகேஷ் சிவப்புப் பேனாவோடு பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றான். ஒரு தப்பும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து பலகையில் எழுத வேண்டாம் என்று உத்தரவு வந்தது. ஆனால் அவர்கள் இருவருக்கும் நடுவே அன்று விழுந்த பகை அப்படியே நின்றது. அவள் கேட்கும் எதுவும் நடக்காது. பேப்பர் கேட்டால் இரண்டு வாரம் ஆகும். அவள் பக்கத்து மின்விசிறி நின்றுபோனால் நின்றதுதான்.

சாயக் கொப்பரை விஷயமும் அப்படித்தான் கிடப்பில் போடப்பட்டது.

பின்பக்கம் நாலு கொப்பரைகள் உண்டு. இரும்புக் கால்கள் மேல் உட்கார்ந்திருக்கும். கொதிக்கும் சாயத் தண்ணீரில் பட்டு நூலைக் கம்பில் மாட்டி முக்கி, திருப்பித் திருப்பி எடுப்பார்கள். மூன்றாவது கொப்பரையின் ஒரு கால் வெல்டிங் விட்டு ஆடியது. செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுகாசினி ரிப்பேர் புத்தகத்தில் மூன்று முறை அதை எழுதினாள். மூன்று முறையும் லோகேஷ் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். ஆள் வரவில்லை.

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூன்று நாளாக மழை. கொட்டகைக்குள் தண்ணீர் வந்திருந்தது. பத்தரை மணி வாக்கில் பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. நாங்கள் ஓடினோம். தரையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அரக்கு நிறச் சாயம். ஈரத்தில் செங்கல் வழுக்கி, கொப்பரை சாய்ந்து, கொதித்துக்கொண்டிருந்ததெல்லாம் அங்கம்மாள் மேல் ஊற்றியிருந்தது. வலது தொடையிலிருந்து முழங்கால் வரை வெந்துவிட்டது. இடது மணிக்கட்டில் கொஞ்சம்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது சுகாசினியும் நானும்தான். வலியில் அங்கம்மாள் துடித்தாள். அந்த நிலையிலும் சுகாசினியின் கை தன்மேல் படக் கூடாது என்று தள்ளினாள்.

"இவளை எறக்கி வுடு நதியா. இவ மூஞ்சியப் பார்த்துக்கினு நான் சாவ மாட்டேன்."

"சாவ மாட்டக்கா. அசையாம குந்து" என்றாள் சுகாசினி. குரலில் ஒரு ஈரம் இல்லை. ஆனால் பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் தாங்கிப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு விதி. யாருக்காவது காயம் பட்டால், இரண்டு நாளுக்குள் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் அறிக்கை போக வேண்டும். எழுதியவர், மேனேஜர், இருவர் கையெழுத்தும் வேண்டும். பாதுகாப்பு விதியை மீறியதால் காயம் என்றால், அந்த ஆளைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டியதில்லை. வைத்தியச் செலவும் முதலாளியைச் சேராது.

சுகாசினி அறிக்கை எழுதினாள். ஒன்பது வாக்கியம். கொப்பரையின் கால் உடைந்திருந்தது, மூன்று முறை புத்தகத்தில் எழுதியது, மழைத் தண்ணீர், செங்கல், எல்லாம் இருந்தது. அன்றைக்கு அங்கம்மாள் கையில் கையுறை இல்லை என்பதையும் எழுதியிருந்தாள். உண்மையில் இல்லை. பழையது கிழிந்துபோய், புதியது இன்னும் கொடுக்கவில்லை. அதையும் எழுதியிருந்தாள்.

லோகேஷ் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அரை மணி நேரத்தில் வேறு ஒரு தாளோடு வந்தான். ஆபீசுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்புதான். பேசுவதெல்லாம் கேட்கும்.

"கையெழுத்துப் போடுங்க."

அவள் படித்தாள். ஒன்பது வாக்கியம் ஒரே வாக்கியமாகியிருந்தது. அங்கம்மாளுக்குத் தீக்காயம் ஏற்பட்டது பிகாஸ் அவர் கையுறை அணியவில்லை.

"மீதி எங்க சார்?"

"லென்தா எழுதக் கூடாது. சுருக்கமா, கனெக்ட் பண்ணி எழுதியிருக்கேன். நீங்கதான் இப்ப அதுல எக்ஸ்பர்ட் ஆச்சே."

"ஆமா. நீங்க கத்துக் குடுத்ததுதான். பிகாஸ்னா காரணம். கையுறை போடாததா காரணம்?"

"போட்டிருந்தாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"போடல. ஆனா வெந்தது தொடை சார். எந்த ஊர்ல தொடைக்குக் கையுறை போடறாங்க?"

நாங்கள் மடிப்பதை நிறுத்திவிட்டோம். லோகேஷின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"ரொம்பப் பேசறீங்க. வேலை வேணுமா, வேணாமா?"

"வேலை வேணும். கையெழுத்து போட மாட்டேன்."

அன்று சாயங்காலம் முதலாளியே வந்தார். கத்தவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. "ஆர்டர் போச்சுன்னா அறுபது குடும்பம்மா. அங்கம்மாளுக்கு நான் தனியா எதுனா செய்யறேன். இந்தத் தாள்ல மட்டும் வம்பு வேணாம்" என்றார். எங்களைப் பார்த்தும் சொன்னார்.

அவர் போனதும் நான்தான் எழுந்து சுகாசினியிடம் போனேன். இதை மறைத்தால் நான் சொல்வதில் நியாயம் இல்லை.

"போட்டுத் தொலையேன். உனுக்கு இன்னா வந்துச்சு? அந்தம்மாதான் உன் மூஞ்சில முழிக்கறதே இல்லியே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தம்மாவுக்கோசரம்னு எவ சொன்னா?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கையெழுத்து இல்லாமலே அறிக்கை போனது. ஒரு கையெழுத்து குறைந்ததால் ஆறாவது நாள் விசாரிக்க ஆள் வந்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து பிரியதர்ஷினி என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். மழைக்கோட்டைக் கழற்றாமலே நேராகப் பின்பக்கம் போய் நாலு கொப்பரைகளையும் பார்த்தார். மூன்றாவதுக்குப் புதுக் கால் வைத்து, அதற்குப் பெயின்டும் அடித்திருந்தார்கள். மற்ற மூன்றும் பழசு. ஒரே ஒரு கால் மட்டும் பளபளவென்று நின்றது.

பிறகு ஆபீசில் உட்கார்ந்தார்கள். முதலாளி, லோகேஷ், சுகாசினி. ஆட்டோவில் கூடப் போனவள் என்பதால் என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் நிற்க வைத்தார்கள்.

"நீங்க ஏன் சைன் பண்ணல?" என்று பிரியதர்ஷினி கேட்டார்.

சுகாசினி எழுந்து நின்றாள். முன்னால் எழுதிய ஒன்பது வாக்கியத் தாளை அவள் எடுக்கவில்லை. புதிதாக ஒன்று எழுதி வைத்திருந்தாள். அதை ஆங்கிலத்தில் சத்தமாகப் படித்தாள். கால் உடைந்திருக்கிறது என்று ஆபீசுக்கு மூன்று முறை எழுதப்பட்டது, பட் அது சரிசெய்யப்படவில்லை. செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள், அண்ட் தரை ஈரமாக இருந்தது, ஸோ கொப்பரை சாய்ந்தது. ஆல்தோ அங்கம்மாள் கையுறை போடவில்லை, அவருக்கு வெந்தது தொடை.

குரல் நடுங்கியது. ஆனால் எந்த இடத்திலும் நிற்கவில்லை. கடைசி வரியில் மட்டும் நிமிர்ந்து லோகேஷைப் பார்த்தாள்.

பிரியதர்ஷினி ரிப்பேர் புத்தகத்தைக் கேட்டார். லோகேஷ் அதைக் காணவில்லை என்றான். சுகாசினி போனை எடுத்து, மூன்று பக்கங்களின் படங்களைக் காட்டினாள். மூன்றிலும் அவன் கையெழுத்து. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

லோகேஷுக்கு வேர்த்துவிட்டது. பேரம் பேச ஆரம்பித்தான். "மேடம், ஒரு வேர்டுதான் பிரச்சினைன்னா மாத்திடலாம். பிகாஸை எடுத்துட்டு அண்ட்னு போட்டுடலாம். அங்கம்மாளுக்குக் காயம் பட்டது, அண்ட் அவங்க கையுறை போடல. ரெண்டுமே உண்மைதானே?"

பிரியதர்ஷினி பேனா மூடியைக் கழற்றினார். அது சரி என்று எனக்கும்கூடத் தோன்றியது.

"வேணாம்" என்றாள் சுகாசினி. "அண்ட் போட்டா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல குந்திக்கும். படிக்கிறவங்க மனசுல தானா பிகாஸ் வந்துடும். சாருக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றாரு."

"இவ எங்கிட்ட வேலை செய்யறவ மேடம். இவ எனக்கு கிராமர் சொல்லித் தரணுமா?" என்று லோகேஷ் கத்தினான். முதல்முறையாக 'இவ' என்றான்.

"உக்காரு லோகேஷ்" என்றார் முதலாளி. அவன் உட்கார்ந்தான்.

சுகாசினி எழுதியதே அறிக்கையாகப் போனது. அங்கம்மாளின் வைத்தியச் செலவு முழுவதும் முதலாளி பொறுப்பு என்று வெளிநாட்டுக் கம்பெனி முடிவு செய்தது. குணமானதும் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்க வேண்டும், எல்லாக் கொப்பரைக் கால்களையும் மாற்றும் வரை துணி வாங்க மாட்டோம் என்றும் எழுதி அனுப்பினார்கள். கால் மாற்றி, மறுபடி ஆள் வந்து பார்த்து, சரி என்று சொல்ல ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் எங்களுக்கு வேலை இல்லை. பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்காத வீடுகள் உண்டு. எல்லோரும் திட்டியது லோகேஷை இல்லை, சுகாசினியைத்தான். அவள் குடிக்கும் டம்ளரை யாரோ எடுத்து நசுக்கிப் போட்டிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை.

பட்டறை திறந்ததும் அவளை நூல் அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் இல்லை, ஜன்னல் இல்லை. லோகேஷ் அதே நாற்காலியில்தான் இருந்தான். தினமும் ஒருமுறை அந்த அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவான். மாசி பிறந்ததும் அவள் ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அங்கம்மாள் பங்குனியில் திரும்பி வந்தாள். என் பக்கத்தில்தான் இடம். காலை நீட்டி வைத்துக்கொண்டு துண்டுகளை மடிப்பாள். ஒருநாள் நான் கேட்டேன்.

"சுகாசினியப் போய்ப் பார்த்தியாக்கா?"

"நான் இன்னாத்துக்குப் பார்க்கணும்?"

"அவ இல்லாட்டி உனுக்கு இந்த வேலை ஏது?"

அங்கம்மாள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எனுக்கோசரமா செஞ்சா? என் காலை வச்சி அவ சண்டைய அவ போட்டுக்கினா. ஜெயிச்சா. போனா. நான் ஆஸ்பத்திரில கெடந்த ஒன்றரை மாசத்துல ஒரு தபா எட்டிப் பார்த்திருப்பாளா?"

பார்க்கவில்லை. அதுவும் உண்மைதான்.

இப்போது சுகாசினி கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கிறாள். நல்ல கூட்டம். ஆங்கிலத்தில் வேண்டுமென்றாலும் எழுதுகிறாள். அங்கேயும் சண்டைதான். ஒரு பெரிய மனிதர் தன் மனுவில் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒரு வரி கூடச் சேர்க்கச் சொல்ல, "பார்த்தியா நீ? பார்க்காததை எழுத மாட்டேன், வேற கடைக்குப் போ" என்று அவள் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது.

போன மாதம் என் அம்மாவின் முதியோர் உதவித்தொகைக்காக நானும் அங்கே போக வேண்டி வந்தது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். எதிர்க்கடையில் கூட்டமே இல்லை. ஏனோ இங்கேதான் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். என்னை அவள் பார்த்தாள். கூப்பிடவில்லை. ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்று என் முறை வந்ததும் மேசைக்கு முன்னால் போனேன். பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"பேரு?"

சொன்னேன். அவள் அடிக்க ஆரம்பித்தாள்.